ஆளுக்கொரு தாள்: அக்சஸ் ரிப்போர்ட் என்னைப் படுத்திய பாடு

ஆளுக்கு ஒரு தாள் அடித்துத் தா என்று யாராவது ஒரு தரவுத்தளத்தைக் கொண்டுவந்தால், கூலி பேசுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. தேடித் தேடித் துண்டு துண்டாகப் பொறுக்கியதெல்லாம் ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. தமிழ் எழுத்தின் தலை வெட்டுப்படுகிற கதையெல்லாம் அதில் ஏது?

போன பெரும்போகத்துக்கு முன்னால் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்காக இந்த வேலையை எடுத்தேன். 412 உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஏ4 தாள். மேலே பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். நடுவில் அவருடைய வயல் துண்டுகள், எந்தக் கண்டம் (வயல்வெளிப் பிரிவு), எத்தனை ஏக்கர், நிலுவை எவ்வளவு. அடியில் கையெழுத்துக்கு இடம். விதைப்புக்கு முன் நடக்கிற கூட்டத்தில் ஆளாளுக்குக் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்து வாங்கிக் கோவையில் போடுவது அவர்களுடைய திட்டம். "தரவெல்லாம் கொம்பியூட்டர்ல கிடக்கு மனே, அடிச்சுத் தாற வேலை மட்டும்தான்" என்றார் செயலாளர் ஐயா. மொத்தமாக ஒரு தொகை பேசினோம், கடதாசியும் மையும் என் கணக்கு. அந்தத் தொகையில் பாதிக்கு மேல் கடதாசிக்கும் மைக்கும் அச்சுக் கடைக்கும் போய்விட்டது. இரவில் கண் விழித்த கிழமைகளை எண்ணிப் பார்த்தால், வரம்பு கட்டப் போயிருந்தால்கூட அதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கும்.

அவர்கள் தந்தது ஒரு மைக்ரோசொஃப்ட் அக்சஸ் கோப்பு, தரவை அட்டவணைகளாக வைத்திருக்கிற மென்பொருள் அது. முன்பு அங்கே வேலை செய்த யாரோ ஒழுங்காகத்தான் செய்திருந்தார். உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, வயல் துண்டுக்கு வேறோர் அட்டவணை, இரண்டையும் உறுப்பினர் இலக்கத்தால் இணைத்து வேண்டியதை எடுத்துத் தருகிற ஒரு குவெரி. அந்தக் குவெரியை வைத்து ரிப்போர்ட் (அச்சுக்கான வடிவம்) போட்டால் பட்டியல் மாதிரி வந்தது, ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள். இதை ஆளுக்கொரு பக்கமாகப் பிரிக்கவேண்டும். தெரிந்த ஒரு அண்ணனைக் கேட்டேன். "டீடெயில் பகுதியைப் பிடித்துத் தாளின் நீளத்துக்கு இழுத்துவிடு, ஒரு தாளுக்கு ஒரு ஆள் மட்டும்தான் கொள்ளும்" என்றார். டீடெயில் என்பது ஒவ்வொரு பதிவுக்கும், அதாவது ஒவ்வொரு வரித் தரவுக்கும், ஒருமுறை அச்சாகிற பகுதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏ4 தாளின் 29.7 சென்ரிமீற்றரில் மேல் கீழ் மார்ஜின், தலைப்பு, அடிப்பகுதி எல்லாம் போக மிஞ்சுவதுதான் டீடெயிலுக்கு. ஒரு மயிரிழை கூடினாலும் மிச்சம் அடுத்த தாளுக்கு வழியும். நீளமான விலாசம் உள்ள ஒருவர் வந்தால் பெட்டி வளர்ந்து கணக்கையே குழப்பும். அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. டிசைன் பார்வையில் டீடெயில் பகுதியின் பட்டையைத் தொட்டு, பிராப்பர்ட்டி ஷீட்டைத் திறந்தால் 'ஃபோர்ஸ் நியூ பேஜ்' என்று ஒன்று இருக்கும். பகுதிக்கு முன், பகுதிக்குப் பின், இரண்டும் என்று தெரிவு தரும். பகுதிக்குப் பின் என்று வைத்தால் ஒவ்வொரு பதிவு முடிந்ததும் புதுப் பக்கம். லிப்ரே ஒஃபிஸின் பேஸில் ரிப்போர்ட் செய்கிறவர்களுக்கும் இதே பெயரில் இதே தெரிவு உண்டு. கடைசியில் ஒரு வெற்றுத்தாள் கூடுதலாக வந்தால் ரிப்போர்ட் ஃபூட்டரை, அதாவது ரிப்போர்ட்டின் முடிவில் வருகிற பகுதியைப் பாருங்கள். அதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், உயரம் இருந்தால் அதற்கென்று ஒரு தாள் எடுக்கும். உயரத்தைப் பூச்சியமாக்கினால் சரி.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் முன்தோற்றத்தைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். 1274 பக்கம் என்றது. 412 ஆட்களுக்கு 1274 பக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்த இரவு முழுக்க விளங்கவில்லை. உண்மையில் அது இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்ற கணக்கு. இலகுவானதை முதலில் சொல்கிறேன்.

ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக வந்தால் காரணம் அநேகமாக அகலம். ஏ4 அகலம் 21 சென்ரிமீற்றர். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 2 மார்ஜின் போனால் ரிப்போர்ட்டுக்கு 17 தான். தலைப்புக்குக் கீழே போட்டிருந்த ஒரு கோடு வலப்பக்கம் நீண்டு கிடந்ததால் அகலம் 19ஐத் தாண்டியிருந்தது. மிஞ்சிய பட்டியில் எழுத்து எதுவும் இல்லை, ஆனாலும் அதை அச்சடிக்க அக்சஸ் ஒவ்வொரு ஆளுக்கும் இன்னொரு தாள் எடுக்கும். சில பக்கங்கள் வெறுமையாக வரலாம் என்று ஒரு எச்சரிக்கையும் காட்டும், அவசரத்தில் எல்லோரும் ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவோம். ரிப்போர்ட்டின் அகலத்தை எண்ணாகவே எழுதிக் குறைக்கலாம், ஆனால் ஏதாவது ஒரு பெட்டியோ கோடோ அந்த எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறையாது. முதலில் அதை உள்ளே தள்ளவேண்டும். கூடவே தாளின் அளவையும் பாருங்கள். சில கணினிகளில் லெட்டர் என்று நிற்கும். லெட்டர் ஏ4ஐவிட அகலத்தில் கொஞ்சம் கூட, நீளத்தில் ஒன்றே முக்கால் சென்ரிமீற்றர் குறைவு. ஒன்றுக்கு அமைத்து மற்றதில் அடித்தால் அடியில் உள்ள கையெழுத்துக் கோடு காணாமல் போகும்.

அகலத்தைச் சரிசெய்ததும் 637 ஆகியது. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். 637 என்பது வயல் துண்டுகளின் எண்ணிக்கை. இணைத்த குவெரியில் மூன்று துண்டு உள்ள ஒருவர் மூன்று வரியாக வருவார், ஒவ்வொரு வரியையும் ரிப்போர்ட் ஒரு பதிவாகத்தான் பார்க்கும். செயலாளர் ஐயா "ஆளுக்கொரு தாள்" என்றது மனிதரை நினைத்து, அக்சஸ் விளங்கிக்கொண்டது வரியை. முதல் சில பக்கங்களில் வந்தவர்கள் எல்லோரும் ஒற்றைத் துண்டுக்காரர்கள் என்பதால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மேலே நாலு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடித்திருந்தால் ஒரே ஆளுக்கு மூன்று தாள், மூன்றிலும் வெவ்வேறு நிலுவை. கூட்டத்தில் அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தீர்வு, டீடெயிலில் பக்கம் பிரிப்பதை நிறுத்திவிட்டுக் குழுவில் பிரிப்பது. 'குரூப் அண்ட் சோர்ட்' பலகையில் உறுப்பினர் இலக்கத்தால் குழு போடுங்கள். பெயர், விலாசம் எல்லாம் குழுவின் தலைப்பான குரூப் ஹெடருக்குப் போகட்டும். டீடெயிலில் வயல் துண்டின் ஒற்றை வரி மட்டும். மொத்த ஏக்கர், மொத்த நிலுவை குழுவின் முடிவில் வருகிற குரூப் ஃபூட்டரில். புதுப் பக்கம் என்பதை குரூப் ஹெடருக்கு, பகுதிக்கு முன் என்று வையுங்கள். கையெழுத்துக் கோடு மட்டும் பேஜ் ஃபூட்டரில் இருக்கட்டும், அப்போதுதான் ஒரு துண்டுக்காரருக்கும் ஏழு துண்டுக்காரருக்கும் அது தாளின் அடியில் ஒரே இடத்தில் நிற்கும். குரூப் ஃபூட்டரில் வைத்தால் கடைசி வரிக்குக் கீழே ஒட்டிக்கொண்டு மேலும் கீழுமாக ஓடும். கூட்டுத்தொகையையும் பேஜ் ஃபூட்டருக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள், அங்கே கூட்டல் வேலை செய்யாது, பிழை என்று காட்டும்.

பெயரால் குழு போடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் ஒரே முதலெழுத்து, ஒரே பெயர் என்று ஒரு கிராமத்திலேயே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பெயரால் போட்டுப் பார்த்தபோது பக்கம் குறைந்தது, ஏனென்றால் இரண்டு தனி ஆட்களின் வயல்களை அக்சஸ் ஒருவருடையதாக்கிவிட்டது. ஒருவரின் கடன் மற்றவரின் தலையில்!

இலக்கத்தால் குழு போட்டதும் 398 பேருக்குத் தாள் வந்தது. கிட்ட வந்துவிட்டோம், ஆனால் 14 பேரைக் காணவில்லை. இந்தப் 14 பேருக்கும் சொந்த வயல் துண்டு எதுவும் பதிவில் இல்லை, குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்கள். குவெரி இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அமைதியாக விட்டுவிட்டது. குவெரி டிசைனில் இரண்டு அட்டவணைக்கும் நடுவில் உள்ள கோட்டை இருமுறை சொடுக்கினால் மூன்று தெரிவுகள் வரும். உறுப்பினர் அட்டவணையில் உள்ள எல்லோரையும் எடு என்பதைத் தெரிவு செய்தால் வயல் இல்லாதவருக்கும் ஒரு தாள் வரும். எனக்கு இதில்தான் மிகவும் பயம் வந்தது. கூடுதலாக வரும் பக்கத்தைக் கண்ணால் பிடிக்கலாம், வராத பக்கத்தை எப்படிப் பிடிப்பது? எண்ணிப் பார்த்தால்தான் உண்டு. உறுப்பினர் அட்டவணையின் அடியில் நிற்கிற எண்ணிக்கையையும் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்க இலக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கவேண்டும். என்னுடையது கடைசியில் 415இல் நின்றது. 412 ஆட்கள், அதில் மூன்று பேருக்குத் துண்டுகள் அதிகமாக இருந்து இரண்டாம் தாளுக்குப் போனது. அப்படி வழிகிறவர்களுக்காக குரூப் ஹெடரில் 'ரிப்பீட் செக்ஷன்' என்பதை ஆம் என்று வையுங்கள், இரண்டாம் தாளிலும் பெயர் வரும். இல்லாவிட்டால் அநாதையாக நாலு வரியுடன் ஒரு தாள் கையில் இருக்கும், யாருடையது என்று தெரியாது.

பிறகு வரிசை. கிராமம் கிராமமாகக் கட்டி அந்தந்த வட்டவிதானையிடம் (வயலுக்கு நீர் விடுவதைப் பார்க்கிறவர்) கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. குவெரியில் வரிசைப்படுத்தி வைத்தாலும் ரிப்போர்ட் அதை நம்பாது, தன் குழு வரிசையைத்தான் பின்பற்றும். ஆகவே ரிப்போர்ட்டிலேயே, உறுப்பினர் இலக்கத்துக்கு மேலே இன்னொரு வரிசை போடவேண்டும். கவனம், அது உறுப்பினர் அட்டவணையில் உள்ள கிராமமாக இருக்கவேண்டும். வயல் அட்டவணையில் உள்ள கண்டத்தால் வரிசைப்படுத்தினால் இரண்டு கண்டத்தில் வயல் உள்ளவர் மறுபடியும் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார், பக்கக் கணக்கும் மறுகா ஏறிவிடும்.

எழுத்துருவுக்கு வருவோம். பழைய பெயர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன, பிறகு சேர்த்தவர்கள் யூனிகோட்டில். ரிப்போர்ட்டில் ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்துருதான், ஆகவே எதைத் தெரிவு செய்தாலும் பாதிப் பேர் குப்பையாகத் தெரிந்தார்கள். ஒரே வழி, எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றுவது. பெயர், விலாசம் என்று நிரல் நிரலாக எக்செலுக்கு எடுத்து, மாற்றியில் போட்டு, பார்த்துத் திரும்ப ஏற்றினேன். முழு அட்டவணையையும் ஒரேயடியாக மாற்றியில் கொட்டினால் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் நிற்கிற ஆங்கில 'வீ' (V) எழுத்து 'ஏ' ஆகிவிடும், ஏனென்றால் பாமினியில் அந்த விசைதான் ஏ. எக்செலில் இன்னொரு வில்லங்கம்: 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை அது கணக்கு எண் என்று நினைத்து ஒரு தசமப் புள்ளியும் ஆங்கில ஈ (E) எழுத்துமாகச் சுருக்கிக் காட்டும். நிரலை முதலிலேயே டெக்ஸ்ட் என்று வைத்துவிடுங்கள். மாற்றி முடிந்ததும் நிர்மலா எழுத்துருவைப் போட்டால், அதன் வரி உயரம் கூட என்பதால் பழைய பெட்டிகளில் மேலே விசிறியும் கீழே உகரக் காலும் வெட்டுப்பட்டன. பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, விலாசத்துக்கு மட்டும், பெட்டி தேவைக்கேற்ப வளர விடுகிற 'கேன் குரோ' என்பதை ஆம் என்று வைத்தேன். இதில் சுருக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை, பொறுமைதான்.

என்னிடம் உள்ள சின்னப் பிரின்டரில் முதல் கட்டுகளை அடித்து மை முடிந்ததும், மீதியை அதில் அடிக்க நம்பிக்கை இல்லாமல் முழுவதையும் ஒரே சீராக அடிக்க மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அக்சஸ் கோப்பாகக் கொண்டுபோகாதீர்கள். அடிக்கிற பிரின்டர் மாறினால் மார்ஜினும் பக்கப் பிரிப்பும் நகரலாம். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் பக்கம் பக்கமாக அப்படியே இருக்கும், எழுத்துருவும் கூடவே போகும். நான் பிடிஎஃப்தான் கொடுத்தேன், 415 பக்கம் என்றும் சொன்னேன். பின்னேரம் போய் எடுத்தபோது கட்டு மெல்லிசாக இருந்தது. 208 தாள். இரண்டு பக்கமும் அடித்துவிட்டார்கள். ஒருவருடைய தாளின் முதுகில் அடுத்தவருடைய அடையாள அட்டை இலக்கமும் நிலுவையும்! கடைக்காரரின் இயந்திரத்தில் அது வழக்கமான அமைப்பு. "பேப்பர் மிச்சம் பிடிக்கத்தானே தம்பி" என்றார். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது, அவருடைய நினைப்பிலும் நியாயம் இருக்கிறதுதான். பேசிப் பேசி மறுபடி அடிக்கிற செலவைப் பாதி பாதியாகப் பிரித்தோம். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கல்லடிப் பாலம் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். இப்போதெல்லாம் ஒற்றைப் பக்கம், உண்மையான அளவு, தாளுக்கேற்ப சுருக்கவேண்டாம் என்று மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்து தாள் மட்டும் முதலில் அடிக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மிச்சம்.

பழுதான தாள்களைக் கடைக்காரர் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். விடவில்லை, அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தேன். நாளைக்குக் கச்சான் சுற்றுகிற சுருளில் ஒருவருடைய அடையாள அட்டை இலக்கமும் கடனும் போகக்கூடாது. 2022இல் தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க நாட்டில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊரில் முகம் பார்க்கவேண்டும் அல்லவா.

எல்லோருக்கும் இந்தப் பாடு தேவையில்லை. ஒரு ஆளுக்கு ஒரே வரிதான், உள்ளே பட்டியல் எதுவும் இல்லை என்றால் வேர்ட்டின் மெயில் மேர்ஜ் போதும். கடிதம் என்ற வகையைத் தெரிவு செய்தால் அதுவே ஆளுக்கொரு பக்கம் போடும். டிரெக்டரி என்று தெரிவு செய்தால் எல்லோரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும், அதுதான் வித்தியாசம். சான்றிதழ், அழைப்புக் கடிதம், மாணவர் அனுமதி அட்டை இதற்கெல்லாம் அக்சஸ் ரிப்போர்ட்டைத் தூக்கவேண்டியதில்லை. ஒரு ஆளுக்குள் பல வரி வருகிற இடத்தில்தான் குழு போடுகிற வசதி தேவைப்படுகிறது.

கூட்டம் நடந்தது, தாள்கள் போய்ச் சேர்ந்தன. அங்கே புதிதாக ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஐந்து பேர் கையில் ஆளுக்கு இரண்டு தாள், இரண்டிலும் வெவ்வேறு வயல். பழைய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒருமுறையும், 2016இலிருந்து வந்த 12 இலக்க எண்ணோடு ஒருமுறையும் உறுப்பினராகப் பதிந்திருக்கிறார்கள், ஆகவே இரண்டு உறுப்பினர் இலக்கம். பழைய எண்ணை புதியதாக்குவது இலகு: முன்னால் 19, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். எல்லோருடையதையும் அப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒரே எண் இரண்டு தரம் வருகிறதா என்று ஒரு குவெரி ஓட்டினால் இரட்டைகள் தாமாகவே வெளியே வரும். அச்சடிக்க முதலே இதைச் செய்யுங்கள். எனக்கு அந்த ஐந்து பேரோடு, ஏக்கர் பிழை, விலாசம் பிழை என்று திருத்தவேண்டிய தாள்களும் சேர்ந்து நிறைய வந்தன. ஒவ்வொன்றுக்கும் 415 பக்கத்தைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. குவெரியில் உறுப்பினர் இலக்க நிரலின் நிபந்தனைக் கட்டத்தில், சதுர அடைப்புக்குள் 'உறுப்பினர் இலக்கம் என்ன' என்று எழுதி, அதை வேறொரு பெயரில் சேமித்து, ரிப்போர்ட்டின் பிரதியொன்றை அந்தக் குவெரியோடு இணைத்துவிட்டேன். திறந்ததும் இலக்கத்தைக் கேட்கும், கொடுத்தால் அந்த ஒருவருடைய தாள் மட்டும் வரும். செயலாளர் ஐயாவுக்கு அதை எப்படித் திறப்பது என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது திருத்தத் தாள்களை அலுவலகத்திலேயே அவர் அடித்துக்கொள்கிறார். கடதாசி அவர்களுடையது.